காணாமல் போன ஏழு வாரங்களும் வடகம் போட்ட ஒரு வாரமும்

மயிலாடுதுறையிலிருந்து:

2015 மே 4, திங்கட்கிழமை. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கே அப்பாயி ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தைத் திண்ணையில் கொட்டி, வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் எல்லோரையும் சுற்றி உட்காரவைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். அத்தைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். பந்தல்காரர் இரண்டு முறை வந்து போய்விட்டார். "விசேஷ வாரத்தில் வடகம் எதற்கு?" என்று அம்மா கேட்டார். "வெயில் நமக்காக இன்னொரு நாள் வந்து காயுமா?" என்றார் அப்பாயி. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

தாளிப்பு வடகம் ஒரு நாள் வேலை இல்லை. வெங்காயத்தை நறுக்கி, அரை கிலோ பூண்டைத் தட்டிப் போட்டு, உடைத்த கறுப்பு உளுந்து அரை கிலோ, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கல் உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, பானையில் இட்டு வேடு கட்டி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். மறுநாள் காலையில் தண்ணீர் விட்டிருக்கும். அதைப் பிழிந்து, உருண்டை பிடித்து, பழைய வேட்டியில் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். பிழிந்த தண்ணீரும் ஒரு பாத்திரத்தில் வெயிலிலேயே இருக்கும். மாலையில் உருண்டைகளை உதிர்த்து, அதே தண்ணீரில் போட்டு மறுபடி பிசைய வேண்டும். தண்ணீர் முழுவதும் வடகத்துக்குள் போய்ச் சேரும்வரை தினமும் இதே வேலைதான். கடைசி இரண்டு நாட்களில் விளக்கெண்ணெய். ஆகவே தினமும் மாலை நான்கு மணிக்கு அப்பாயியின் இரண்டு கைகளும் பானைக்குள் இருக்கும். காதுகள் மட்டும் சும்மா இருக்கும். நான் வாசிக்கத் தொடங்கியது அதனால்தான்.

முந்தைய வாரம், ஏப்ரல் 29ஆம் தேதி, ஓவியர் கோபுலு காலமாகியிருந்தார். செய்தித்தாளில் அவர் படத்தைப் பார்த்ததும் அப்பாயி பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே 'தில்லானா மோகனாம்பாள்' நாவல் இருந்தது. கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. 1957, 58ஆம் ஆண்டுகளில் ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் தொடராக எழுதியபோது, வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு. ஒவ்வொரு வாரமும் கோபுலுவின் படம். எதிர்ப்பக்கத்தில் சோப்பு விளம்பரமும் தலைவலித் தைல விளம்பரமும். அதற்குள் வெளியுலகம் அப்படியே உறைந்து கிடந்தது.

பைண்டின் நடுவில் மட்டும் ஏழு வாரங்கள் இல்லை. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1958இல் பெரியப்பா பிறந்தபோது அப்பாயி தாய்வீட்டில் இருந்தார். பிரசவத்துக்குப் பிறகு விடாத காய்ச்சல். தாத்தா அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் மாயவரத்தில் விகடன் வாங்கி, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். கண் திறந்து படிக்கும் நிலையில் அப்பாயி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரவல் வாங்கிப் போனார்கள். ஏழு இதழ்களும் திரும்பவே இல்லை.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அந்த நாவல் புத்தகமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அப்பாவின் உறுப்பினர் அட்டையில் எடுத்து வந்தேன். பைண்டில் கதை அறுந்து நின்ற வரியைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. அன்று மாலையே, பானைக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து, வாய்விட்டு வாசித்தேன்.

சத்தமாகப் படிப்பது எவ்வளவு கடினம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பேச்சு வரும் இடங்களில் என் குரல் தட்டையாக இருந்தது. அப்பாயி நிறுத்துவார். "இந்த இடத்தில் அவள் கோபமாக இல்லை, கண்ணு. கோபம் மாதிரி பேசுகிறாள். மறுபடி படி." படித்தேன். வியாழக்கிழமைக்குள் சின்ன அத்தை, பெரியம்மா, பந்தல்காரரின் மகள், எதிர்வீட்டுப் பாட்டி எல்லோரும் நான்கு மணிக்கு வந்துவிட்டார்கள். வெங்காய நெடியில் எல்லோர் கண்ணிலும் நீர். எது கதையால் வந்தது என்று பிரிக்க முடியாது.

நான் இந்தப் பதிவை எழுதக் காரணமே வெள்ளிக்கிழமை நடந்ததுதான்.

அன்று அப்பா அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து, கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது வாரத்தின் பகுதியை முடித்தேன். பைண்டு விட்ட இடத்தில் கதை சரியாகப் போய்ச் சேர்ந்தது. அப்பா கேட்டார்: "கொள்ளிடத்தில் சீவாளிப் பை விழுகிற இடம் எங்கே? அதை ஏன் படிக்கவில்லை?"

அப்படி ஒரு இடமே இல்லை என்றேன். அப்பா நம்பவில்லை. புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அவர் தேடிய இடம் இதுதான்: கதாநாயகனான நாதஸ்வரக்காரன் சண்முகசுந்தரம் கச்சேரிக்காகக் கொள்ளிடத்தைப் பரிசலில் கடக்கிறான். நாதஸ்வரத்தின் வாயில் செருகி ஊதும் சீவாளிகள் இருந்த பை ஆற்றில் விழுந்துவிடுகிறது. கரையில் நாணல் வெட்டி, ராத்திரி முழுவதும் விழித்திருந்து, தானே ஒரு சீவாளி செய்து, விடிந்ததும் அதில் வாசிக்கிறான். இதைச் சிறுவயதில் நூறு முறை கேட்டதாக அப்பா சொன்னார். பெரியப்பாவும் அத்தைகளும் ஆமாம் என்றார்கள். அவர்கள் நான்கு பேருக்கும் கதையில் மிகப் பிடித்த இடமே அதுதான்.

அப்பாயி பானையிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏழு வாரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக ஒரு பாலம் வேண்டாமா? நீங்கள் நடுவில் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டீர்கள். நான் போட்டேன்" என்றார்.

அவருக்கு அப்போது இருபது, இருபத்தைந்து வயது இருந்திருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். அவர் பிறந்த ஊர் திருவாவடுதுறைக்குப் பக்கம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி செய்கிறவர்கள் இருந்த ஊர் அது. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பைச் சிறுமியாக இருந்தபோது நேரில் கேட்டிருக்கிறார். அந்தக் காற்றையும் நாணலையும் எடுத்துத்தான் ஏழு வாரத்தை நிரப்பியிருக்கிறார். நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலேயே கதை எழுதிய ஒருவர் வெங்காயம் பிசைந்துகொண்டிருந்தது அன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தாத்தா சாய்வு நாற்காலியில் இருந்தார். அப்பா அவரிடம் திரும்பினார்: "நீங்கள்தானே அந்த ஏழு இதழையும் வாங்கிக் கொண்டுபோனீர்கள். படித்திருப்பீர்களே?"

"பஸ்ஸில் படித்தேன்."

"அப்படியானால் அம்மா சொன்னது வேறு என்று தெரியும்?"

"தெரியும்," என்றார் தாத்தா. "அவள் சொன்னதும் நன்றாக இருந்தது."

அத்தனை ஆண்டுகளும் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு வேனில் திருக்கடையூர் போனோம். ஆயிரம் பிறை கண்டவர் என்பதற்கு எண்பது வயதும் எட்டு மாதமும் என்று எங்கள் பக்கம் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் ஏறக்குறைய 29.53 நாள், ஆயிரத்தால் பெருக்கினால் எண்பது வயதும் பத்து மாதமும் வருகிறது. கணக்கரான தாத்தா இதை முன்பே போட்டுப் பார்த்திருக்கிறார். "இரண்டு மாதத்தைச் சுவாமி தள்ளுபடி செய்திருக்கிறார்" என்றார் மனநிறைவோடு. அமாவாசையைப் பௌர்ணமி என்று சொன்ன அபிராமி பட்டருக்காக நிலவு வந்ததாகச் சொல்லும் கோயிலில் அந்தக் கணக்கு பொருந்தித்தான் போகிறது. பிராகாரம் முழுவதும் அறுபதும் எழுபதும் எண்பதுமாகத் தம்பதிகள். கலச நீர் ஊற்றியபோது அப்பாயி வெடவெடத்தார். தாத்தா மறுபடி மாங்கல்யம் பூட்டியபோது கெட்டிமேளம். பெரியப்பா குழந்தைபோல அழுதார்.

எல்லாம் முடிந்ததும் அப்பாயி நேரே நாயனக்காரரிடம் போனார். ஈரப் புடவையோடு நின்று, "ஒரு ராத்திரியில் சீவாளி செய்ய முடியுமா, ஐயா?" என்று கேட்டார்.

அவர் வயதானவர். தம் நாதஸ்வரத்தில் கயிற்றில் தொங்கிய சீவாளிகளையும் குச்சியையும் எடுத்துக் காட்டினார். "முடியாது அம்மா. நாணலை வெட்டி மாதக்கணக்கில் பக்குவப்படுத்த வேண்டும். பச்சை நாணலில் நாதம் பிறக்காது. ஆனால் எறிந்த பழைய சீவாளி ஒன்று கையில் இருந்தால், நனைத்து, அழுத்தி, பொறுமையாக வழிக்குக் கொண்டுவரலாம். ஒரு ராத்திரி அதற்குப் போதும்." சொல்லிவிட்டு ஒரு சீவாளியை வாயில் ஈரப்படுத்தி, இரண்டு முறை ஊதிக் காட்டினார்.

அப்பாயி அதைக் கேட்டுக்கொண்ட விதத்தை என்னால் மறக்க முடியாது. பந்தியில் மாங்காய்ப் பச்சடி, பலாக்கொட்டை போட்ட கூட்டு, வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி, பாயசம் எல்லாம் இருந்தன. அவர் எதையும் கவனிக்கவில்லை. திரும்பும் வழியில் வேனில் என் காதருகே சொன்னார்: "நாணல் வெட்டுகிறான் என்பதை எடுத்துவிடு. படகுக்காரன் வீட்டில் ஒரு பழைய சீவாளி இருக்கிறது. அவன் அப்பாவுடையது."

வீடு வந்ததும் புடவை மாற்றிக்கொண்டு பானையைத் திறந்து விளக்கெண்ணெய் ஊற்றினார்.

திருவாரூரிலிருந்து:

வெங்காயத்தை நறுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். அப்போதுதான் சாறு முழுதும் இறங்கும், உருண்டையும் உடையாமல் நிற்கும். விளக்கெண்ணெய் எவ்வளவு விட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லையே?

மோகனாம்பாளின் ஊர்க்காரி என்பதால் என் அம்மாவுக்கும் அந்தத் தொடர்மேல் ஒரு உரிமை உண்டு. 1968இல் படம் வந்தபோது, "இவ்வளவு பெரிய கதையை இப்படிச் சுருக்கிவிட்டார்களே" என்று வருத்தப்பட்டதாகச் சொல்வார். பிறகு சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்துக்காகவே மறுபடி போய்ப் பார்த்தாராம்.

புதுச்சேரியைச் சேர்ந்தவர், இப்போது பாரிஸில்:

எங்கள் வீட்டில் இதை வடவம் என்போம். பாரிஸுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பெரிய கடையின் மசாலா அடுக்கில் சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றைப் பார்த்தேன். 'வதுவான்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. பெயர் பிடிபடவில்லை. திறந்து மோந்து பார்க்க அனுமதித்தார்கள். காய்ந்த வெங்காயம், பூண்டு, வெந்தயம், கறிவேப்பிலை. கடை நடுவில் நின்றபடி எனக்கு எங்கள் மொட்டைமாடியும், காகம் விரட்ட என்னை உட்காரவைத்த நீலக் குடையும் தெரிந்தன. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கொண்டுபோன நம் வடவம்தான் அது. அங்கே உருண்டையாக இல்லாமல் பொடியாகிவிட்டது. மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் தூவுகிறார்கள். விலை அதிகம். வாங்கினேன். மீன் குழம்பில் தாளித்தபோது எண்ணெயில் அது பொரியவில்லை, கருகிவிட்டது. உருண்டையைக் கிள்ளிப் போட்டால் வரும் அந்த ஓசை பொடிக்கு வராது. அடுத்த கோடையில் அம்மா ஒரு கிலோ கொடுத்தனுப்பினார். பெட்டியில் இருந்த சட்டைகளெல்லாம் ஒரு மாதம் மணத்தன.

ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்:

முப்பது ஆண்டுகள் கிளை நூலகங்களில் இருந்தேன். புத்தகத்தின் நடுப்பகுதியை மட்டும் கேட்டு வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வயதான பெண்கள். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள். நின்றபடியே அந்த இருபது பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். உங்கள் பதிவைப் படித்தபோது கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. அந்த ஏழு வாரத்தையும் நகலெடுத்துப் பைண்டில் சேர்த்தீர்களா?

மயிலாடுதுறையிலிருந்து, பதில்:

நகலெடுக்கலாம் என்றுதான் நானும் சொன்னேன். அப்பாயி கையால் எழுதச் சொன்னார். அந்த விடுமுறை முடிவதற்குள் கோடு போட்ட தாளில் ஏழு வாரத்தையும் எழுதி முடித்தேன். படங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன். கோபுலு அந்த வாரங்களில் என்ன வரைந்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. பழைய இதழ்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அதன் பின்னால் இன்னும் ஆறு தாள்கள் உண்டு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. கொள்ளிடம், பரிசல், படகுக்காரன் வீட்டுப் பழைய சீவாளி. அந்தத் தாள்களின் ஓரங்களில் மஞ்சள் விரல் தடம் இருக்கிறது. எழுதியதைச் சரிபார்க்க வாங்கி வாங்கிக் கொடுத்தார்.

திருவாரூர்ச் சகோதரிக்கு: ஐந்து கிலோ வெங்காயத்துக்கு இருநூறு மில்லி விளக்கெண்ணெய், இரண்டு நாளாகப் பிரித்து விடுவார். இந்த முறை நான் உரலில் இடித்துப் பார்க்கிறேன்.