தாமிரபரணியில சிப்பி வளத்து தண்ணிய சுத்தம் பண்ண முடியுமா?

குறுக்குத்துறைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தை மவன் அமெரிக்காவுல மேரிலாண்ட்ல இருக்கான், செசபீக் விரிகுடா பக்கம் தண்ணியோரமா வீடு. போன வாரம் வீடியோ கால்ல பேசிக்கிட்டே வீட்டுக்குப் பின்னால படகு கட்டுத மரத்துறைக்குப் போயி கயித்தப் புடிச்சி ஒரு கம்பிக்கூண்ட தூக்கிக் காமிச்சான், உள்ள பூரா குட்டிச் சிப்பி. என்னல, யாவாரம் ஆரம்பிச்சிட்டியான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லையாம், 2008லேர்ந்து அங்க அரசாங்கமே குஞ்சையும் கூண்டையும் குடுக்காம், கரையோர வீட்டுக்காரங்க ஒரு வருசம் போல சும்மா பாத்துக்கிடணும், அப்பப்ப தூக்கி சேறு அலசி விடணும், பெறவு வளந்தத வாங்கிட்டுப் போயி புடிக்கக் கூடாதுன்னு ஒதுக்குன எடத்துல போட்டுருவாங்களாம். ஒரு காசு கிடையாது, வறுத்துத் திங்கவும் கூடாது. ஒரு பெரிய சிப்பி எல்லாம் தோதா இருந்தா ஒரு நாளைக்கு 190 லிட்டர் வரைக்கும் தண்ணிய வடிக்குமாம்ல.

நான் சின்னப்புள்ளையிலேர்ந்து ஆத்துல குளிக்கவன். திருநவேலியில கொக்கிரகுளம் வண்ணார்பேட்டை பக்கம் சாக்கடை சேருத எடத்த பாத்தா வயிறு எரியுது. நாமளும் நாலு கூண்டு கட்டி விட்டா என்ன? பத்து பேரு ரெடி. குஞ்சுக்கு தூத்துக்குடியிலதான் கேக்கணுமா?

உப்புக்காத்து:
அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதிய. அங்கன கட்டுனா கொஞ்ச நாள்லயே அம்புட்டும் வாயப் பொளந்து நாறிப் போயிரும். ஒங்க அத்தை மவன் வளக்கது உப்புத்தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்குத எடத்து சாதி. எங்க தூத்துக்குடிப் பக்கம் கழிமுகத்துல கல்லுலயும் தூண்லயும் ஒட்டிக் கெடக்கும், ஆளின்னு சொல்லுவோம், வெறுங்காலோட மிதிச்சா பிளேடு மாதிரி கிழிச்சிரும். நல்ல தண்ணி நாள்கணக்கா நின்னா அதுக்கு ஆவாது. வாய இறுக்கி மூடிக்கிட்டு கொஞ்ச நாள் தாக்குப்புடிக்கும், அதுக்கு மேல முடியாது. 2023 டிசம்பர்ல காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மாதிரி வெள்ளம்னா கழிமுகத்து ஆளிக்கே ஆபத்து, திருநவேலி ஆத்துல எங்க பொழைக்க.

குஞ்சு பொரிக்கத் தெரிஞ்ச ஆளுக இல்லாம இல்ல. தூத்துக்குடி கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துல 1973லயே செயற்கை முத்து எடுத்தாங்க, ஆளியும் வளத்திருக்காங்க. ஆனா அது கடலோரத்துக்கு உள்ள சமாச்சாரம்.

இன்னொண்ணு, குஞ்சு மொதல்ல ரெண்டு மூணு வாரம் தண்ணியில நீந்திட்டுதான் ஒட்ட எடம் தேடும், அதுக்குப் புடிச்ச எடம் பழைய சிப்பி ஓடுதான். நியூயார்க்ல 2014லேர்ந்து ஒரு கூட்டம் ஓட்டல்ல தின்னுட்டுப் போட்ட சிப்பி ஓடு பூராத்தையும் வாங்கி ஒரு வருசம் வெயில்ல காயப்போட்டு அதுல குஞ்ச ஒட்ட வச்சி துறைமுகத்துல எறக்குதாங்க. நம்மாளுக ஓட்ட கண்டா சூளையில வச்சி சுண்ணாம்பாக்கி வெத்தலையில தடவிருவோம், அந்த ஞானம் அவங்களுக்கு இல்ல 😄

மாங்காச்சிப்பி:
தம்பி, நீங்க தேடுத சாமான் ஆத்துக்குள்ளயே கெடக்கு. சின்ன வயசுல ஆத்துச்சிப்பி ஓட்ட கல்லுல தேச்சி நடுவுல ஓட்டை போட்டு மாங்கா சீவுவோம்லா, அந்த மட்டிதான். அதுவும் தண்ணிய உள்ள இழுத்து வடிச்சித்தான் சாப்பிடும். பாறையில ஒட்டாது, மணலும் வண்டலுமா இருக்க எடத்துல பாதி ஒடம்ப பொதைச்சிக்கிட்டு நிக்கும்.

நான் ஸ்கூல்ல விலங்கியல் எடுத்தவ, அதனால இத சொல்லாம இருக்க முடியல. மட்டிக் குஞ்சு தானா வளராது. கண்ணுக்குத் தெரியாத அளவுல வெளிய வரும், வந்ததும் ஏதாவது மீனோட செவுள்லயோ துடுப்புலயோ கவ்விக்கிடணும். கொஞ்ச நாள் அங்கன ஒட்டிக் கெடந்துட்டுத்தான் மணல்ல விழும். தோதான மீன் கிடைக்கலன்னா அவ்வளவுதான். அப்ப மணல அள்ளுனாலும் மட்டி போச்சு, மீன் போனாலும் மட்டி போச்சு. கூண்டு கட்டி ஒண்ணும் ஆவப்போறதில்ல.

வேற ஊருலேர்ந்து கொண்டாந்து போடவும் வேண்டாம், நோயும் கூடவே வரும். மொதல்ல இருக்கத எண்ணுங்க. பெரிய மட்டி நெறைய கெடக்குன்னு சந்தோசப்படக் கூடாது, அதுக பல வருசம் உசுரோட கெடக்கும். வெரல் நகம் அளவு குட்டி கிடைக்கான்னு பாக்கணும். குட்டியே இல்லன்னா அங்க இருக்கது பூரா கிழங்கட்டைக, வாரிசு இல்ல.

வெட்டிப்பேச்சு:
சாக்கடை ஒரு பக்கம் அது பாட்டுக்கு விழுது, இங்க மட்டி எண்ணப் போறாங்களாம். பாவநாசத்துல பரிகாரம்னு அவுத்துப் போட்ட துணிய தன்னார்வலருக வருசா வருசம் மூட்டை மூட்டையா இழுத்துப் போடுதாங்க, மறுநா அதே எடத்துல அடுத்த வேட்டி மெதக்கு. அமெரிக்காவுல சிப்பி மட்டுமா வேல பாக்கு, கழிவு சுத்திகரிக்கவும் செலவழிக்கான்லா.

மாங்காச்சிப்பி:
நீங்க சொல்லுதது சரிதான், சாக்கடைய மட்டியால திங்க முடியாது, அதுவே செத்திரும். அதுக்காகத்தான் எண்ணச் சொல்லுதேன். சாக்கடை சேருத எடத்துக்கு மேல இத்தன, கீழ இத்தனன்னு தேதி போட்டு எழுதி வச்சிருந்தா, மனு குடுக்கும்போது வெறும் வாயால ‘ஆறு கெட்டுப்போச்சு’ன்னு சொல்லுதத விட அதுக்கு ஒரு கனம் இருக்கும்.

குறுக்குத்துறைக்காரன்:
டீச்சர், நீங்க சொன்னப்புறம் நேத்து சாயங்காலமே போயிட்டேன். முட்டளவு தண்ணியில கையால துழாவுனதுல முழு ஓடு ஏழு, உசுரோட ரெண்டு, ரெண்டும் உள்ளங்கை பெருசு. குட்டி ஒண்ணும் ஆப்புடல. நான்தான் சரியா தேடலையா? ஞாயித்துக்கெழம காலைல ஆறரைக்கு பயலுகள கூட்டிட்டு கொக்கிரகுளத்துக்கு மேலயும் கீழயும் பாக்கலாம்னு இருக்கோம். உப்புக்காத்து தம்பி, நீரும் வாரும், மாங்கா நான் கொண்டு வாரேன்.

மாங்காச்சிப்பி:
குட்டிய வெரலால தேடுனா ஆப்புடாது, மாவு சலிக்கத விட கொஞ்சம் பெரிய கண்ணு உள்ள சல்லடை கொண்டு போங்க, மணல அள்ளி தண்ணிக்குள்ளயே அலசணும். அணையில தண்ணி தொறந்திருக்காங்களான்னு மொத நாளே கேட்டுக்கிடுங்க, தொறந்திருந்தா எறங்க வேண்டாம். உசுரோட இருக்கத அளந்துட்டு எடுத்த எடத்துலயே எடுத்த மாதிரியே சொருகிருங்க. மாங்கா சீவ செத்த ஓடு மட்டுந்தான்.

உப்புக்காத்து:
வாரேன் அண்ணாச்சி. உப்பும் மொளகாப்பொடியும் என் பொறுப்பு.