காரை பெயர்ந்த சுவரும் குரல் பதிவில் வந்த கேள்வியும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் இரண்டாங்கட்டுச் சுவர் ஆளுயரத்துக்குக் காரை பெயர்ந்து உப்புப் பூத்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் "கொத்திவிட்டு சிமெண்ட் பூசுங்கள்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நைசாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. சித்திரை வெயிலிலும் கை வைத்தால் சில்லென்றிருக்கும்.

பழைய வீடுகளைப் பராமரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டேன். வந்த பதில்களில் பெரும்பாலும் ரசாயனப் பூச்சுகளின் பெயர்கள்தான். தேவகோட்டைக் கொத்தனார் ஐயா ஒருவர் மட்டும் குரல் பதிவில் திருப்பிக் கேட்டார்: "தம்பி, ஓட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது? சுவரின் வெளிப்பக்கத்தையும் காட்டுங்கள்."

போய்ப் பார்த்தால், தகரத் தூம்பு விரிசல் விட்டு மழைநீரெல்லாம் சுவரடியில் இறங்கியிருக்கிறது. வெளிப்பக்கம் எப்போதோ யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். செங்கலும் சுண்ணாம்பும் குடித்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். ஒரு பக்கத்தைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் மறுபக்கம் வழி தேடும், வரும்போது உப்பையும் இழுத்து வந்து காரையைத் தள்ளும் என்று அவர் விளக்கினார். உள்ளே எத்தனை முறை பூசியிருந்தாலும் வீண்தான்!

தூம்பை மாற்றி, சிமெண்டைக் கொத்தி எடுத்து, கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டோம். பிறகு கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சாந்து குழைத்தோம். வேலை செய்த இளைஞருக்குச் சுண்ணாம்பு புதிது. "கரண்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்" என்றார் ஐயா. வீடியோவில் சாந்து விழாமல் ஒட்டி நின்றதைப் பார்த்த பிறகுதான் பூசச் சொன்னார். ஐப்பசி மழை கழிந்ததும் மறுபடி படம் போட்டேன். இப்படி முடிவைத் திரும்ப வந்து காட்டுவதை எல்லாரும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். அது பலித்ததா என்று வந்து சொல்பவர்கள் குறைவு.

*கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி:*

உண்மைதான் தம்பி. எங்கள் வளவில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மங்கியபோது அமிலம் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். கல் அச்சிடும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் குழுவில் உடனே தடுத்தார். கண்ணாடி மேல் நிறச் சாந்தை ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்யும் சிமெண்ட் கல் அது. அமிலம் பட்டால் மேல்பூச்சை அரித்துவிடுமாம். தினமும் ஈரத்துணியால் துடைத்து, எப்போதாவது துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்கச் சொன்னார். பளபளப்பு நன்றாகத் திரும்பியிருக்கிறது.

முகப்புத் தேக்குத் தூணின் அடியில் கறையான் ஏறுகிறது. மருந்து அடித்தும் நிற்கவில்லை. தூணைக் கழற்றாமல் சரிசெய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். படம் நாளைக் காலை வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.