பைப்ளேன் சக்கரக் கால்களுக்கு ஃபேரிங்: ஃபோமா, அலுமினியத் தகடா?

சிறகன்:

வணக்கம். ஒற்றை இருக்கை பைப்ளேன் (ஈரடுக்குச் சிறகு விமானம்) ஒன்றை நான்கு வருடமாகக் கட்டி வருகிறேன். வால்சக்கர வகை, அதாவது முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு சின்னது. போன மாதம்தான் சக்கரக் கால்களின் வெல்டிங் முடிந்தது. 4130 குரோமோலி எஃகுக் குழாய், வெளிவிட்டம் 32 மி.மீ. பக்கத்துக்கு இரண்டு குழாய்கள் வி வடிவில் இறங்கி அச்சில் சேர்கின்றன. அதிர்வைத் தாங்குவது பங்கீ என்ற ரப்பர் இழைக் கயிறு.

குழாயின் பின்புறம் ஃபோமை ஒட்டி, வால் மாதிரி சீவி, மேலே கண்ணாடி இழையும் எபாக்ஸியும் போட்டு ஃபேரிங் (காற்றின் இழுவையைக் குறைக்கும் மூடி) செய்ய நினைக்கிறேன். ஃபோம் வேலை எனக்குக் கைவந்தது. அலுமினியத் தகடு வளைப்பதில் அனுபவம் இல்லை. ஃபோம் போதுமா?

இன்னொரு கவலை. வெல்டிங் சூட்டில் இடது அச்சு இழுத்துக்கொண்டது. சக்கரத்தின் முன்பக்கம் அரை டிகிரி உள்ளே திரும்பி நிற்கிறது. விமானத்தின் எடை ஏறினால் சரியாகிவிடுமா?

குழாய்வேலை:

சிறகன், ஃபோமைக் குழாயில் நேரடியாக ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன். நீங்கள் சொன்ன அதே முறை, அதே எபாக்ஸி. மூன்று வருடம் பார்க்க அழகாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் கழுவும்போது வலது காலின் அடியில் பெயின்ட் லேசாக உப்பியிருப்பதைப் பார்த்தேன். கீறினால் பழுப்புத் தண்ணீர் வந்தது. முழுவதும் உரித்துப் பார்த்தேன். அச்சுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் துருக்குழிகள். மேல்முனையில் எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பு வழியாக மழைநீர் இறங்கி, ஃபோமுக்கும் இரும்புக்கும் நடுவே தங்கிவிட்டது. அதன் பக்கத்திலேயே ஒரு வெல்டு ஓரத்தில் விரல் நக அகலத்துக்கு விரிசல். துருவைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எத்தனை முறை அந்தக் காலில் இறங்கியிருக்கிறேனோ தெரியாது. கண்ணுக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே பறப்பதை நிறுத்தியிருப்பேன்.

அதனால் என் கருத்து இதுதான்: ஃபோமோ தகடோ, எதில் செய்தாலும் பத்து நிமிடத்தில் கழற்றி வெல்டைப் பார்க்க முடிய வேண்டும்.

ஃபேரிங் வேண்டவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், அது தரும் லாபம் பெரிது. உங்கள் 32 மி.மீ. உருண்டைக் குழாயில் 60 செ.மீ. நீளம் 100 நாட் (மணிக்கு சுமார் 185 கி.மீ.) வேகத்தில் கிட்டத்தட்ட மூன்றரை கிலோ இழுவை தரும். நான்கு குழாய்க்கும் சேர்த்தால் 14 கிலோ. தடிமனைப் போல மூன்று, மூன்றரை மடங்கு நீளமுள்ள நீர்த்துளி வடிவம் கொடுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சின்ன எஞ்சினுக்கு அந்தச் சேமிப்பு நன்றாகவே தெரியும்.

இப்போது நான் வைத்திருப்பது கண்ணாடி இழை ஓடு. ஃபோமை உருவம் கொடுக்க மட்டும் வைத்து மேலே இழை போட்டு, இறுகியதும் ஃபோமை எடுத்துவிட்டேன். வால்விளிம்பு நெடுக பியானோ கீல், அதாவது நீளக் கம்பி செருகிய கீல். கம்பியை உருவினால் ஓடு புத்தகம் மாதிரி விரியும். உங்கள் கைப்பழக்கத்துக்கும் இது ஒத்துவரும். உள்ளே குழாய்க்கு எபாக்ஸி பிரைமர், ஓட்டின் அடிமுனையில் தண்ணீர் வடிய ஒரு துளை. ஓட்டைப் பிடிக்கக் குழாயில் எங்கும் துளை போடாதீர்கள். ரப்பர் வைத்த கிளாம்ப் போதும்.

பிரேக் குழாய் ஓட்டுக்குள் குழாயின் பின்னால் இறங்கட்டும். மேலே கால் மடங்கும் இடத்தில் மட்டும் வளையும் ஹோஸ் வேண்டும். அப்புறம், பங்கீயைக் கழற்றிவிட்டு, விமானத்தைத் தூக்கி நிறுத்தி, காலைக் கையால் கடைசி வரை விரித்துப் பாருங்கள். ஓட்டின் மேல்முனை உடற்பகுதியில் இடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். எனக்கு 8 மி.மீ. வெட்ட வேண்டி வந்தது.

வால்தூக்கி:

அச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எடை ஏறினால் அது சரியாகாது. உங்கள் காலை உடற்பகுதியோடு இணைக்கும் கீல் முன்பின்னாக ஓடுவது. கால் விரிந்தால் சக்கரம் பக்கவாட்டில் சாயும், உள்திரும்பல் அப்படியே இருக்கும்.

வால்சக்கர விமானத்துக்கு உள்திரும்பல் ஆபத்து. ஓடுதளத்தில் விமானம் வலப்பக்கம் திரும்பத் தொடங்கினால் எடை இடது சக்கரத்துக்குப் போகும். அந்தச் சக்கரமும் வலதுபக்கம் நோக்கியிருந்தால் திருப்பத்தை இன்னும் இறுக்கும். நேராக இருக்கட்டும், இல்லையென்றால் மிகச் சிறிது வெளிப்பக்கம். வால் தூக்கிய நிலையிலும் தரையில் வைத்த நிலையிலும் அளந்து பாருங்கள். சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது.

ஃபேரிங் கோணத்தையும் கவனியுங்கள். ஒரு காலில் கோணல் இருந்தால் அது சின்ன ரடர் (வாலிலுள்ள திசைத் துடுப்பு) மாதிரி வேலை செய்யும், பக்கவாட்டு நழுவலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்காது. தரையில் மையக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, மூக்கும் வாலும் நூலிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சிறகன்:

இருவருக்கும் நன்றி. கீல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. இடது அச்சை நேற்று வெட்டி எடுத்துவிட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கண்ணாடி இழை ஓடும் பியானோ கீலும்தான் போடப்போகிறேன். மறுபடி வெல்டு செய்யும்போது இழுக்காமல் இருக்க என்ன செய்வது?

குழாய்வேலை:

நல்ல முடிவு. எடை ஏறி நிற்கும் அளவுக்குக் கால்களை விரித்து ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) பூட்டுங்கள். இரண்டு அச்சுக் குழாய்களுக்குள்ளும் இறுக்கமாகப் போகிற ஒரே நீளமான நேர்த் தண்டைச் செருகுங்கள். சுற்றிலும் நான்கு இடத்தில் டாக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டு செய்யுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், காற்றில் சட்டென்று ஆறக்கூடாது. முழுவதும் ஆறிய பிறகுதான் தண்டை உருவ வேண்டும். கையால் உருவ வந்தால் அச்சு நேராக இருக்கிறது. சுத்தியல் தேவைப்பட்டால் உருவுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.