சாயுயரமா, சாய்நீளமா?

அனைவருக்கும் வணக்கம்.

கூம்புப் பாடத்துக்கான சொற்களில் ஆரம், உச்சி, வளைபரப்பு, கன அளவு எதிலும் எனக்கு மறுப்பில்லை. சாயுயரம் மட்டும் இடறுகிறது; உச்சியிலிருந்து அடிவட்டத்தின் விளிம்புவரை சரிவின் வழியே அளக்கும் தூரத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதற்குப் பதிலாகச் 'சாய்நீளம்' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தால் கூம்பின் கன அளவு என்று சொல்லிக்கொடுக்கிறோம். அப்புறம் ஆரம் 5 செ.மீ., சாயுயரம் 13 செ.மீ. என்று கணக்குக் கொடுக்கிறோம். பிதாகரஸ் தேற்றப்படி 169-இல் 25 போக 144, அதன் வர்க்கமூலம் 12, அதுதான் உயரம் என்று கண்டபிறகே சூத்திரத்துக்குப் போக வேண்டும். விடை 100 பை, ஏறத்தாழ 314 கன செ.மீ. ஆனால் 'உயரம்' என்று முடியும் சொல் வினாவிலேயே கண்ணெதிரே நிற்கிறதே! 13-ஐ அப்படியே போட்டு 340 என்று எழுதிவிடும் பிள்ளையை எப்படிக் குறை சொல்வது?

ஆரம் 3, உயரம் 4, சாயுயரம் 5 என்ற எண்கள் இன்னும் மோசம். தவறாகப் போட்டால் கன அளவு 15 பை வரும், வளைபரப்பும் 15 பைதான். பிள்ளை எதை எதோடு குழப்பிக்கொண்டது என்று திருத்துகிறவருக்கே தெரியாது.

> உயரத்தைக் 'குத்துயரம்' ஆக்கினால் போதுமே. சாயுயரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்போது கூம்புக்கு இரண்டு உயரம் என்றாகிவிடும். இருப்பது ஒன்றுதான். கூம்பை அடிக்கு இணையாக மெல்லிய வட்டத் தகடுகளாக அரிந்து அடுக்கியதாக நினைத்துப் பாருங்கள். தகடுகளின் தடிமனை எல்லாம் கூட்டினால் வருவது உயரம். அடுக்கை மெல்ல ஒரு பக்கமாகச் சாயும்படி நகர்த்துங்கள். சரிவின் நீளம் பக்கத்துக்குப் பக்கம் வேறாகிவிடும். தகடுகள் அவையேதான், தடிமனும் மாறவில்லை, ஆகவே கன அளவும் மாறாது. இத்தாலியக் கணிதவியலாளர் காவலியேரி 1635-இல் வெளியிட்ட கொள்கை இதுதான். சாய்ந்த கூம்பில் சாயுயரம் என்று ஒற்றை அளவே கிடையாது, உயரமோ அங்கும் ஒன்றே. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை அடைமொழி இல்லாத 'உயரம்' என்ற சொல்லிலேயே தெளிவாக இருக்கும்.

> ஏன் நீளம்?

கூம்பின் வளைபரப்பை உச்சியிலிருந்து நேராக வெட்டி விரித்தால் வட்டக்கோணப்பகுதி கிடைக்கிறது. நாம் பேசும் அளவு அந்தப் பகுதியின் ஆரம். தாளில் அளவுகோல் வைத்து அளக்கலாம். அது நீளம்தானே?

> சரிவுநீளம்?

பொருந்தும்தான். ஆனால் சாயுயரம் பழகியவருக்குச் சாய்நீளம் சட்டென்று பிடிபடும்.

> பிரமிடில் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். அடிப்பக்கம் 6, உயரம் 4 உள்ள சதுரப் பிரமிடை எடுத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுவுக்கு 5, மூலைக்கு ஏறத்தாழ 5.83. இரண்டும் சாய்ந்த நீளங்களே. அங்கே சாய்நீளம் என்றால் எது என்று கேட்பது நியாயம். முதலாவது உண்மையிலேயே முக்கோண முகத்தின் உயரம் என்பதால், பிரமிடுக்கு 'முகவுயரம்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். மூலைக்குப் போவது பக்க விளிம்பு.

கூம்பின் இடைக்கண்டத்துக்கு, அதாவது உச்சிப் பகுதியை அடிக்கு இணையாக வெட்டி நீக்கியபின் எஞ்சும் துண்டுக்கு, சாய்நீளம் அப்படியே ஒத்துவருகிறது. முகவுயரத்தில் யாருக்காவது தயக்கம் இருந்தால் எழுதுங்கள், பிரமிடுப் பகுதியை அதுவரை தொடாமல் வைத்திருக்கிறேன்.