பழைய ஆயில் படத்தின் மேல் அரூப ஓவியம்: அக்ரிலிக் பூசலாமா?

கேள்வி (கும்பகோணம்):
2க்கு 3 அடி கேன்வாஸ், ஆயில், பத்து வருடப் பழசு, வார்னிஷ் உண்டு. காவிரிப் படித்துறைக் காட்சி. படிகளின் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைப் பெரிய வண்ணப் பரப்புகளாக மாற்ற வேண்டும். சீக்கிரம் காயுமே என்று அக்ரிலிக் யோசனை.

பதில் 1:
வேண்டாங்க. ஆயில் பரப்பை அக்ரிலிக் பிடிக்காது, நாளடைவில் தோலாக உரியும். ஆயில் மேல் ஆயில்தான்.

முதலில் வார்னிஷ் போகணும். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, ஓரத்தில் ஒரு அங்குலம் சோதியுங்கள். பஞ்சில் வண்ணம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். பிறகு 320 நம்பர் வாட்டர் பேப்பரை (நுண்ணிய உப்புத்தாள்) நனைத்து, பளபளப்பு மங்கும் வரை மட்டும் தேயுங்கள். கேன்வாஸுக்குப் பின்னால் அட்டை கொடுக்காவிட்டால் சட்டத்தின் விளிம்பு முன்பக்கம் கோடாக விழும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, சில வண்ணங்களில் ஈயம், காட்மியம் இருக்கும்.

பதில் 2:
பழைய தூரிகை மேடுகளைக் கத்தியால் சீவிவிடுங்கள். தட்டையான நிறத்துக்கு அடியில் பழைய படத்தின் படகு விளிம்பு துருத்தினால் பரப்பே கெட்டுவிடும். ஆயில் வண்ணம் வருடங்கள் போகப் போக ஒளி ஊடுருவும். அதனால் அடியிலுள்ள அடர் நிறங்களை, டைட்டானியம் வெள்ளை கலந்த ஆயிலால் இரண்டு மெல்லிய பூச்சில் மூடுங்கள். மேல் பூச்சில் எண்ணெய் சற்றுக் கூடணும், குறைந்தால் வெடிப்பு விழும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பதில் 3:
தேய்ப்பதற்கு முன் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் 1931இல் தெரியவந்தது. சுவருக்கு அந்தப் பாக்கியம் உண்டு, தேய்த்த கேன்வாஸுக்குக் கிடையாது.