பத்து பெரியவங்க இருந்தோம், ஒருத்தர் கண்ணும் தண்ணில இல்ல

மறுபடியும் லீவு வந்துடுச்சு, எல்லாரும் எங்கயாச்சும் கிளம்பிட்டு இருப்பீங்க, அதான் போன வருஷம் எனக்கு நடந்தத எழுதிடறேன். நாலு வருஷமா நானும் பாப்பாவும் மட்டும்தான். அண்ணன் போன் பண்ணி சனி ஞாயிறு எல்லாரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்து தங்கலாம் ஸ்விம்மிங் பூல் இருக்கு நீ வந்தே ஆகணும்னான். அம்மா, அண்ணன் அண்ணி, அவனோட ப்ரெண்ட்ஸ் ரெண்டு குடும்பம், என் காலேஜ் தோழியும் அவ வீட்டுக்காரரும். என்னையும் சேர்த்து பெரியவங்க பத்து, வாண்டுங்க ஆறு.

ரூம் பிரிக்கறப்போ ஜோடி ஜோடியா உள்ள போயிட்டாங்க, எனக்கும் அம்மாக்கும் பிள்ளைங்களோட ஹால்தான். அது பரவால்ல. வாடகைய குடும்பத்துக்கு ஒரு பங்குன்னு பிரிச்சாங்க பாருங்க, நாலு பேர் வந்த வீட்டுக்கும் ஒரு பங்கு, ஒண்ணரை ஆளா வந்த எனக்கும் ஒரு பங்கு. வாயே திறக்கல. திறந்தா "பாவம், தனியா கஷ்டப்படுறா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க, அதுக்கு காசே குடுத்துடலாம்.

சரி விஷயத்துக்கு வரேன். சனிக்கிழமை மதியம், பிள்ளைங்க எல்லாம் தண்ணில. வீட்ல தனியா இருக்கறப்போ பாத்ரூம் போனாக்கூட கதவ ஒருக்களிச்சு வச்சிட்டு அவ சத்தம் கேட்டுட்டே இருக்கற ஆளு நான். அன்னைக்கு என்னவோ, இத்தன பேர் இருக்காங்களே யாராச்சும் பாத்துக்குவாங்கன்னு ஒரு நிம்மதி, கரையில கால நனைச்சிட்டு போன எடுத்தேன். அதே நிம்மதி மத்த ஒன்பது பேருக்கும் இருந்திருக்கு.

நிமிர்ந்து பாத்தா பாப்பா தண்ணிக்குள்ள செங்குத்தா நிக்கற மாதிரி இருந்தா. தல பின்னாடி சாஞ்சிருக்கு, முடி முகத்த மூடியிருக்கு, வாய் தண்ணிக்கு மேல வருது, உள்ள போகுது. கைல மாட்டுன காத்தடிச்ச மிதவை ரெண்டும் கரையில கிடக்கு, உரசுதுன்னு கழட்டியிருக்கா. ஒரு சத்தம் இல்ல. ரெண்டு எட்டு தள்ளி அண்ணன் முதுக காட்டிட்டு கிரிக்கெட் பேசிட்டு இருக்கான், அவனுக்கே கேக்கல. போனோட குதிச்சேன். எனக்கும் நீச்சல் தெரியாது, நெஞ்சளவு தண்ணிங்கறதால தப்பிச்சோம்.

அப்புறம்தான் படிச்சு தெரிஞ்சிக்கிட்டேன், முங்கறவங்க கத்தவே முடியாதாம், மூச்சுக்கே வாய் பத்தாதப்போ எங்க கத்தறது. கைய ஆட்டி கூப்பிடவும் முடியாது, கை தானா பக்கவாட்டுல தண்ணிய அமுக்கிட்டு இருக்கும். அப்படி தத்தளிக்கறதே 20 செகண்ட்ல இருந்து 60 செகண்ட் வரைக்கும்தான். அந்தக் கை மிதவையும் விளையாட்டு சாமான்தான், பாதுகாப்பு கிடையாது.

பாப்பா இருமுனா, அழுதா, பத்து நிமிஷத்துல சரியாயிட்டா. ஆனா இருமல் நிக்கலனா, மூச்சு வாங்குனா, வாந்தி எடுத்தா, இல்ல வழக்கத்துக்கு மாறா துவண்டு போனா சில மணி நேரம் கழிச்சுனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நான் ராத்திரி பூரா அவ நெஞ்சு ஏறி இறங்கறதயே பாத்துட்டு படுத்திருந்தேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பஞ்சாயத்து. "பெத்தவளே போன் நோண்டிட்டு இருந்தா அடுத்தவங்கள என்ன சொல்றது"ன்னு ஒரு குரல் வந்துச்சு, யாருன்னு சொல்ல விரும்பல. வலிச்சுது, உண்மையும்தானே. எங்கம்மா ஒண்ணும் பேசாம தன் தலையில இருந்த துணித் தொப்பிய கழட்டி அண்ணன் தலையில வச்சாங்க. "இது யார் தலையில இருக்கோ அவங்க தண்ணிய விட்டு கண்ண எடுக்கக் கூடாது. போன் கிடையாது, பேச்சு கிடையாது. கால் மணி நேரம் ஆனா அடுத்தவங்க தலைக்கு போகணும்." அவ்ளோதான். பெரிய ஆபீசர் ஒருத்தர் பூப்போட்ட தொப்பியோட விறைப்பா உக்காந்திருந்தத நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது.

ஞாயித்துக்கிழமை காலைல அண்ணி தொப்பிய மாட்டிட்டு "நீ போய் படு, உன் முறையையும் சேர்த்து நான் பாத்துக்கறேன்"னாங்க. போனேன். தூக்கம் வரல, ஜன்னல் வழியா தலைங்கள எண்ணிட்டே இருந்தேன், ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு. எத்தனாவது தடவைல தூங்குனேன்னு தெரியல. எழுந்தப்போ மணி ஒண்ணரை, போர்வை யாரோ போத்திவிட்டிருந்தாங்க.

*

சகோ, எங்க வீட்லயும் இதே கததான், ஆனா காரணம் நீச்சல் டிரெஸ். பையனுக்கு வெளிர் நீலத்துல வாங்கியிருந்தேன், பூல் தண்ணில இறங்குனா ஆளே தெரியல. கண்ணு முன்னாடியே இருந்தவன ஒரு நிமிஷம் தேடுனேன். இப்ப கண்ண பறிக்கற ஆரஞ்சு மட்டும்தான், அவனுக்கு பிடிக்கல, இருக்கட்டும்.

*

நானும் சிங்கிள் மதர்தான். வாடகை விஷயத்துக்கு ஒண்ணு சொல்றேன், கிளம்பறதுக்கு முன்னாடியே குரூப்ல "தலைக்கு எவ்ளோ?"ன்னு ஒரே ஒரு வரி போட்டுடுங்க, அங்க போய் கேட்டாத்தான் சங்கடம். அப்புறம் யார் கைலயாச்சும் போன குடுத்து நீங்களும் பாப்பாவும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. என் பொண்ணோட ஆறு வருஷ லீவு போட்டோல நான் எங்கயுமே இல்ல, ஒண்ணுல மட்டும் நிழல் விழுந்திருக்கு. இந்த வருஷம் போறீங்களா?

*

போறோம் சிஸ். தலைக்கு எவ்ளோன்னு இப்பத்தான் குரூப்ல போட்டேன், அண்ணன் கட்டைவிரல் காட்டியிருக்கான், மத்தவங்க டைப்பிங்னு காட்டிட்டே இருக்கு. நீச்சல் கிளாஸ்லயும் சேந்துட்டோம், ரெண்டு பேரும். அவ மல்லாக்க மிதக்கறா, நான் இன்னும் சுவத்த விடல.