யூனியன் தீவிலிருந்து கரியாகூவுக்குப் படகு?

கரீபியன் கடலின் கிரெனடின்ஸ் தீவுகளில் பெக்வே, மேரோ வழியாகத் தெற்கே வந்து, இப்போது யூனியன் தீவின் க்ளிஃப்டனில் நானும் மனைவியும் மாட்டிக்கொண்டோம். கரியாகூ இங்கிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அது கிரெனடா நாடு. இது செயின்ட் வின்சென்ட் நாடு. நேர் ஃபெர்ரி எதுவும் கண்ணில் படவில்லை.

படகுத்துறையில் கேட்டால் முழுப் படகையும் வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு பேருக்குக் கட்டாது. பாய்மரப் படகுக்காரர்களிடமும் கேட்டோம், எல்லோரும் வடக்கே போகிறவர்கள். விமானம் என்றால் திரும்பிப் போய்ச் சுற்ற வேண்டும். 2024 பெரில் புயலுக்கு முந்தைய பயணக் குறிப்புகளில் உள்ள தொலைபேசி எண்கள் எதுவும் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை கிரெனடாவிலிருந்து விமானம்.

புயலுக்குப் பிறகு இப்படிக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: ஆள் கணக்கில் ஏற்றிக்கொண்டு, குடிவரவு முத்திரைக்குக் கரியாகூவின் ஹில்ஸ்பரோவில் இறக்கிவிடும் படகு எந்தக் கிழமை கிடைக்கும்?